கூட்டத்தில் பெயர் கூடாது

இவனையும் இடித்தாயிற்று, வரவில்லை. வேட்டி கட்டிய ஆள், கையில் தூக்குவாளி, மீன் சந்தைக்கு எதிரே ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவன். ஜீப்பைக் கொண்டுபோய் அவன் இடுப்பில் மோதினேன், விழுந்தான், தூக்குவாளி உருண்டு சாக்கடையோரம் போய் நின்றது, பக்கத்தில் கூடையோடு நின்ற பெண் என் குரலில் "அய்யய்யோ, யாராச்சும் ஓடி வாங்களேன்" என்று கத்தினாள். நன்றாகத்தான் கத்தியிருக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது அதில்லை. எனக்கு வேண்டியது என் தம்பி பெயர். இந்த வீடியோ கேமுக்குள் எங்கேயோ ஒரு பெண் என் குரலில், "ஏலே சேர்மா, எந்திரிலே" என்று அழுகிறாள். சேர்மத்துரை என் தம்பி. போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் லாரியில் அடிபட்டுச் செத்தவன். அந்த அழுகை எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று படம்பிடித்து இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால் கேம் கம்பெனியில் அடுத்த திருத்தத்தில் எடுத்துவிடுவார்களாம். அனுப்பாவிட்டால் அது அப்படியே கிடக்கும். சனிக்கிழமை பரீட்சை முடிந்து ஹாஸ்டலிலிருந்து அவன் மகள் பிரவீணா வருவாள், இதே சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, இதே கன்ட்ரோலரைப் பிடித்து ஒருவனை இடிப்பாள், அப்பா செத்த மாதிரியே ரோட்டில் கிடக்கும் ஒருவனுக்குப் பக்கத்தில் அப்பா பெயரைச் சொல்லி அத்தை அழுவதைக் கேட்பாள். மிஷின் அவளுடையது. ஹாஸ்டலில் வைக்க விடமாட்டார்கள் என்று என் வீட்டு டிவியில் மாட்டி வைத்திருக்கிறாள். போன வாரம் வந்து கேமை இறக்கிவிட்டு, "பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் தொடமாட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே நான் இடித்துக்கொண்டிருக்கிறேன். கணவரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, நாற்பத்தேழு வயதில், சாலிகிராமத்தில், ஒரு புதன்கிழமை முற்பகலில், ரோட்டில் போகிறவர்களைத் தேடித் தேடி இடித்துக்கொண்டிருக்கிறேன்.

அழிச்சாச்சு மேடம். அப்படித்தான் சொன்னான் ஹரிபாபு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, குனிந்த தலை நிமிராமல், அழிச்சாச்சு மேடம். ஒரு பெரிய பொய்யைச் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை. எனக்கு இருபது வருஷமாகத் தெரிந்த சவுண்டு இன்ஜினியர், என் இருமலைக் கேட்டே எனக்கு எந்த ஊசி போட வேண்டும் என்று சொல்கிறவன். கூட்டக்குரல் கொடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். பெயர் கூடாது. சினிமாவில் சந்தை எரியும், கல்யாணம் நடக்கும், பஸ் கவிழும், நாங்கள் நாலைந்து பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று நூறு பேராகக் கத்துவோம். அப்போது யாராவது ஒருத்தி "ஏய் முருகா" என்று கத்திவிட்டால் போச்சு, பார்க்கிறவன் காது அங்கே திரும்பிவிடும், எவன் அந்த முருகன் என்று தேட ஆரம்பித்துவிடும், கதாநாயகன் வசனம் அடிபட்டுப்போகும். பாத்திரத்துக்குத்தான் பெயர், கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கத்தச் சொன்னாலும் "அய்யோ", "அடப்பாவி", "யாராச்சும்" என்றுதான் வரும். ஆனால் இந்தக் கேமுக்குப் படம் கிடையாது. படம் இருந்தால் அதில் அசைகிற வாயைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். இதற்கு இருட்டு அறையும் ஒரு மைக்கும் ஹரிபாபு வாசிக்கிற தலைப்புகளும்தான். லேசான வலி. பலமான வலி. தீ. தண்ணீரில் விழுவது. "அடுத்தது மேடம், கண்ணு முன்னாடி ஒரு ஆளு வண்டில அடிபட்டு சாவறான், தெரிஞ்ச ஆளு." "தெரிஞ்ச ஆளுன்னா யாரு ஹரி?" "யாரோ ஒருத்தன் மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவன்னு வெச்சிக்கோங்க. வசனம்லாம் இல்ல, இஷ்டத்துக்கு வுடுங்க." இஷ்டத்துக்கு விடு என்றான், விட்டேன். வெளியே படம் இல்லாதபோது உள்ளேயிருந்து படம் வருகிறது. எங்கள் ஊருக்கு ரோடு பிரிகிற முக்காணி விலக்கு வந்தது, தம்பி லாரியில் அடிபட்ட இடம். அவன் அடிபட்டதை நான் பார்த்ததே கிடையாது. அவன் ரோட்டில் கிடந்தபோது நான் வேறொரு ஸ்டூடியோவில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன், போனை அமுக்கி வைத்துவிட்டு. ஊர் போய்ச் சேரும்போது துணியில் சுற்றி முகம் மட்டும் தெரிந்தது. அங்கே வராத அழுகை இங்கே வந்தது, பெயரோடு வந்தது, சென்னைத் தமிழெல்லாம் கழன்றுபோய் ஊர்ப்பேச்சிலேயே வந்தது. முடித்ததும் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னேன், "ஹரி, பேர் விழுந்துடுச்சு, அதை அழிச்சிடுங்க, வேற தரேன்." அழிச்சாச்சு மேடம். வேறு கொடுத்தேன். அதையும் வைத்துக்கொண்டான், இதையும் வைத்துக்கொண்டான்.

போன வாரம் போன் போட்டுக் கேட்டால், "நல்லா வந்திருந்துச்சு மேடம், மனசு வரல" என்கிறான். மனசு வரவில்லையாம். யாருடைய மனசு? சரி, எடுக்கச் சொல் என்றால், "கம்பெனிக்காரன் எல்லாத்தையும் நம்பர் போட்டுத்தான் வெச்சிருக்கான், அவனுக்குத் தமிழ் தெரியுமா என்ன? எங்க வருதுன்னு வீடியோ புடிச்சுக் குடுங்க, எடுத்துடுவான்" என்கிறான். உன்னிடம் இருக்குமே, நீ பார்த்து நம்பரைச் சொல்லேன் என்றால், "வேலை முடிஞ்சதும் நம்ம டிஸ்க்க காலி பண்ணிட்டோம் மேடம்." அழிக்கச் சொன்னதை வைத்திருந்தான், வைத்திருக்க வேண்டியதை அழித்துவிட்டான். அதற்கும் ஒரு அழிச்சாச்சு மேடம்.

கடைவாசலில் நிற்கிற இந்த மஞ்சள் சட்டைக்காரன் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். நடக்க இடது கட்டைவிரல், பார்க்க வலது கட்டைவிரல் என்று பிரவீணாதான் பழைய கேம் ஒன்றில் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு இரண்டும் சேர்ந்து வர ரொம்ப நாளாயிற்று. நடந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன், பார்த்தால் நின்றுவிடுவேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்றைக்கு என் விரல் நன்றாகவே ஓடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. காலையில் முதல் ஆளை இடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது வளைவில் வேகத்தைக் குறைத்து, சரியாக இடுப்பில் படுகிற மாதிரி கொண்டுவருகிறேன், தோசையைத் திருப்புகிற மாதிரி. பட்டது. பெண் கத்தினாள். "கண்ணு தெரியலையாடா பாவி." இதுவும் நான்தான். இதுவும் இல்லை. கீழ் வீட்டில் சுவரில் துளை போடுகிற சத்தம், அது நின்றால்தான் எனக்குச் சரியாகக் கேட்கும், அது நிற்கிறபோது இங்கே ஒருத்தரும் சாவதில்லை.

இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், நகரம் அழகாக இருக்கிறது. மோசமாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீலாம்பட்டணம் என்று பெயர், நிஜத்தில் அப்படி எந்த ஊரும் இல்லை, ஆனால் நம் கடற்கரையில் எங்கோ இருக்கிற ஊர். யாரோ எங்கேயோ உட்கார்ந்து, இரும்புத்தூளும் கருவாட்டு வாசனையும் கலந்த ஒரு துறைமுகத்து வெயிலை அப்படியே எடுத்து ஊற்றியிருக்கிறார்கள். வாசனை எப்படி வரும், ஆனால் வருகிறது. சாயங்காலமானால் கழிமுகத்தில் தண்ணீர் தாமிரத் தகடு மாதிரி ஆகிறது. மழை வந்தால் கதாநாயகன் ருத்ராவின் சட்டை முதலில் தோளில் நனைந்து, பிறகு முதுகில் ஒட்டுகிறது. மின்கம்பியில் காக்காய்கள் உட்கார்ந்திருக்கின்றன, கீழே போனால் ஒவ்வொன்றும் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. தூரத்தில் ஒரு மலை தெரிந்தது, சும்மா வரைந்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் போனேன், போகப் போக மலை வந்தது, ஏறினேன், உச்சியில் ஒரு சின்னக் கோயில், அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்க விளக்கு. ஒருவரும் போ என்று சொல்லவில்லை, ஒருவரும் போகாதே என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஊருக்குள் நான் நடந்ததே இல்லை. ஒரு பெண் பிள்ளை எந்தத் தெருவிலும் நுழையலாம், எந்த மதில் மேலும் ஏறலாம், கடலோரத்தில் தன்னந்தனியாக எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கலாம். அதற்கு ருத்ரா என்கிற அந்தத் தடிமாட்டின் உடம்புக்குள் புகுந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். காலையில் கொஞ்ச நேரம் தேட வந்த காரியத்தை மறந்து அலைக்கு முன்னால் அவனை உட்கார வைத்துவிட்டேன். அதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், உட்கார. உட்கார்ந்தான். அலை வந்தது, போனது. எனக்கு இதம் வந்தது. வந்த இதத்தின் மேல் உடனே கோபம் வந்தது. இந்தக் கடலைச் செய்யத் தெரிந்தவனுக்கு, செத்துப்போன ஒரு மனுஷனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

தெரியவில்லைதான். இதோ இந்த மஞ்சள் சட்டைக்காரன் கிடக்கிறான். வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருமுனை வரை போய் வருகிறேன். வந்தால் ஆள் இல்லை. ரத்தம் இல்லை, செருப்பு இல்லை, ரோடு அலம்பிவிட்டது மாதிரி இருக்கிறது. இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தால் அதே மஞ்சள் சட்டை அதே கடைவாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கும். முக்காணி விலக்கில் ரத்தத்தின் மேல் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். காரியம் முடிந்து ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் அந்த மணல் அங்கேதான் இருந்தது, பஸ் அதன் மேல் ஏறிப் போனது, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டேன், என்னவோ என் பாதம் படப்போகிற மாதிரி. இங்கே மணலுக்கு வேலை இல்லை. போலீஸ் துரத்தும், ஒரு புதருக்குப் பின்னால் குந்தினால் மறந்துவிடும், எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே இருக்கிறார், கண்ணாடித் தம்ளர் நிறைவதில்லை, ஒருவரும் குடிப்பதில்லை. பஸ் வருகிறது, நிறுத்தத்தில் ஆள் நிற்கிறது, பஸ் நிற்காது. அது மட்டும் நிஜம். வீடு வீடாகக் கதவு வரைந்து வைத்திருக்கிறார்கள், ஒரு கதவும் திறக்காது. கதை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் போ, அடி, எடுத்து வா, ஓடு, மறுபடி போ. முதலில் ஒரு குடோன், பிறகு இன்னொரு குடோன், இரண்டிலும் ஒரே படிக்கட்டு. ஆண்களுக்கு நாலைந்து குரல் பிடித்திருக்கிறார்கள். பெண்கள் எல்லாரும் நான். பூக்காரி நான், பெண் போலீஸ் நான், கைக்குழந்தையோடு நிற்பவள் நான், பள்ளிக்கூட டீச்சர் நான், இருபது வயதுக்காரியும் எழுபது வயதுக்காரியும் நான். ஒரு துணைப் பாத்திரம் என்றுதான் கூப்பிட்டான் ஹரிபாபு. ஒரு நகரத்துப் பெண்களின் வாயெல்லாம் என் வாய், அந்த வாய்க்குக் கத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. கதவு திறக்காத ஊரில், தெருவில் நின்று, எவனாவது சாகிறானா என்று காத்திருந்து கத்துகிற வேலை. ருத்ரா பேசுகிறான், மிரட்டுகிறான், காதலிக்கிறான், தத்துவம் சொல்கிறான். நான் கத்துகிறேன்.

இதற்கு அந்தப் பையன் மதிப்பெண் போடுகிறான். போனில் வீடியோ போடுகிறவன், தலையில் தொப்பி, பின்னால் நீல விளக்கு. அவனால்தான் எனக்கு இது தெரியவே வந்தது. பக்கத்து பிளாட் பெண் அனுப்பினாள், "ஆன்ட்டி, இது உங்க குரல் மாதிரி இருக்கே" என்று. "மக்களே, குறை நிறைய இருக்கு, மிஷன் எல்லாம் காப்பி பேஸ்ட்டு, வண்டி ஓட்டுறது சோப்பு மேல ஓட்டுற மாதிரி, வில்லன் சுத்த வேஸ்டு. ஆனா நிறைன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லவா? ஒரு ஆள இடிச்சிட்டு எல்லாரும் ஓடிருவோம்ல? ஓடாதீங்க. எறங்கி நில்லுங்க. கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா எப்பவாச்சும் ஒரு அம்மா வந்து அழும் பாருங்க. யாரு பெத்த புள்ளையோ, பேரெல்லாம் சொல்லி அழுது. செம்ம ஃபீல் மக்களே, எனக்கு மேல் சிலிர்த்துடுச்சு." சிலிர்த்துவிட்டதாம். உனக்குச் சிலிர்க்க என் தம்பி. அத்தனை பேர் சேர்ந்து அத்தனை வருஷம் உழைத்துச் செய்த ஒரு நகரத்தில், மலை இருக்கிறது, மழை இருக்கிறது, காக்காய் இருக்கிறது, உருப்படியாக ஒன்று சொல் என்றால் அவன் விரலை நீட்டுகிற இடம் என் வாயிலிருந்து தவறி விழுந்த பெயர். அடியில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். யாருப்பா அந்த சேர்மா. அடுத்த பாகத்துல சேர்மா பழிவாங்க வருவானோ. ஒருவன் சிரிக்கிற முகம் போட்டு, எந்திரிலே சேர்மா ஸ்கூலுக்கு லேட்டாச்சு என்று எழுதியிருந்தான். கூட்டத்தில் பெயர் கூடாது என்று ஏன் சொன்னோம்? காது திரும்பும். திரும்பிவிட்டது. ஊர் காதெல்லாம் திரும்பிவிட்டது. எங்கள் பக்கத்து ஏரல் கோயிலைச் சுற்றித் தவிர அந்தச் சாமி பெயரை எவனுக்கு வைத்திருப்பார்கள்? பிரவீணா ஒரு எழுத்துக் கேட்டால் போதும். அப்பா என்று நாங்கள் வீட்டில் சொல்லி ரொம்ப நாளாயிற்று. ஊர் வீட்டில் அவன் அறை என்று சொல்வதில்லை, மேற்கு அறை என்கிறோம். அவன் வண்டி என்று சொல்வதில்லை. அவள் அம்மா ஒரு தடவை வாய் தவறி ஆரம்பித்து அப்படியே உப்புக் கேட்கிற மாதிரி மாற்றிக்கொண்டாள். பிள்ளை எதிரே எப்படிச் சொல்வது? பிள்ளை படிக்கட்டும். எல்லாரும் சேர்ந்து எவ்வளவு கவனமாக மூடி வைத்தோம், அதைக் கொண்டுபோய் ஒரு பொத்தானுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

இறங்கி நிற்க வேண்டும், அதுதான் சூட்சுமம். இடித்துவிட்டு ஓடுகிறவனுக்கு வராது. நான் இறங்கி நிற்கிறேன், ஆனால் சரியாக நிற்பதில்லை போலிருக்கிறது, பெண் கத்திய உடனே இது இல்லை என்று தெரிந்ததும் வண்டியில் ஏறிவிடுகிறேன். இந்தத் தடவை நிற்கலாம். சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். நீலச் சட்டை. நீலம் வேண்டாம். தம்பியிடம் நீலச் சட்டை இருந்தது. வேறு ஆள் பார்க்கலாமா? எவனிடம்தான் நீலச் சட்டை இல்லை. உள்ளங்கை வேர்த்து கன்ட்ரோலர் வழுக்குகிறது, நைட்டியில் துடைத்துக்கொள்கிறேன். குக்கர் சத்தம் போட்டது, என்னுடையதா மாடி வீட்டினுடையதா? நான் இன்னும் அடுப்பே வைக்கவில்லை. சரி. இடித்தேன். சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இறங்கினேன். எதிர்ச் சாரியில் பூக்கூடையோடு ஒருத்தி. அவள் கத்தவில்லை. கூடையை வைத்தாள். கூடையை வைப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. நடந்து வந்தாள், ஓடி வரவில்லை. அவன் தலைமாட்டில் குந்தினாள். கீழ் வீட்டுத் துளைச் சத்தம், சரியாக, நின்றது.

"ஏலே. ஏலே சேர்மா. எந்திரிலே. எக்கா வந்துட்டேன்லா, எந்திரிலே."

எக்கா வந்துட்டேன் என்று சொன்னேனா? அது எனக்கு ஞாபகமே இல்லை. கட்டைவிரல் தானாகப் போய்ப் பதிவுப் பொத்தானை அமுக்கியது, மூலையில் ஒரு சின்ன அடையாளம் வந்தது, பதிவாகிவிட்டது. வேலை முடிந்தது. தொழில் புத்தி முதலில் வேலை செய்தது, இரண்டாவது 'லே'யில் மைக் தாங்காமல் குரல் பிளந்திருக்கிறது, மூச்சு தப்பான இடத்தில் வாங்கியிருக்கிறேன், சுத்தமான டேக் இல்லை, நானாக இருந்தால் ஓகே சொல்லியிருக்க மாட்டேன். பிறகுதான் மற்றது. நல்லா வந்திருந்துச்சு மேடம். ஆமாம் ஹரி, நல்லாத்தான் வந்திருக்கிறது. நாசமாய்ப்போக. அவள் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். அப்புறம் எழுந்தாள். எதிர்ச் சாரிக்குப் போனாள், கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள், அதே வாயால், அதே என் வாயால், தொண்டையில் ஒரு பிசிறுகூட இல்லாமல், "மல்லி வாங்கிக்கோ தாயீ, வாசனையைப் பாரு" என்றாள். நான் கன்ட்ரோலரைத் தூக்கி சோபாவில் அடித்தேன். அது பஞ்சு, ஒன்றும் ஆகவில்லை, துள்ளித் தரையில் விழுந்தது.

போன் அடித்தது. பிரவீணா. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இந்நேரத்துக்கு எதற்குக் கூப்பிடுகிறாள்?

"அத்தை, என் ஐடில யாரு விளையாடுறது? நான் ஆன்லைன்ல இருக்கேன்னு என் கூட்டாளி சொல்லுதா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு."

"நான்தான். சும்மா. என்ன இருக்குன்னு பாக்கலாம்னு."

"நீங்களா? அய்யோ, புதுசா ஆரம்பிச்சியளா? என் கேம அழிச்சிட்டியளா?"

"உன் கேமா? நீதான் இன்னும் தொடவே இல்லன்னியே."

அந்தப் பக்கம் ஹாஸ்டல் வராந்தாவில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது, புரியவேண்டாம் என்று நினைத்தேன், அதற்குள் சொல்லிவிட்டாள். "போன ஞாயித்துக்கிழமை நீங்க டப்பிங் போயிருந்தியல்லா. அன்னைக்கு விளையாடுனேன்." "பிரவீணா." "எனக்குத் தெரியும் அத்தை. அந்த வீடியோ எங்க கிளாஸ் பூராம் சுத்துது. அப்பா பேரு. ஒங்க சத்தம். எனக்குத் தெரியாதா?" "அதை எடுத்துரச் சொல்லிட்டேன்டா, இப்பதான் புடிச்சேன், இன்னைக்கே அனுப்பிருவேன், சனிக்கிழமை நீ வரும்போது இருக்காது." "அனுப்பாதிய." "என்ன?" "அனுப்பாதியன்னு சொல்லுதேன். நீங்க யாரும் அப்பா பேரைச் சொல்ல மாட்டேங்கிய. அம்மா சொல்ல மாட்டேங்கா. நீங்க சொல்ல மாட்டேங்கிய. ஆச்சி வீட்டுல போட்டோவத் திருப்பி வச்சிருக்கா. மேற்கு அறையாம், மேற்கு அறை. அந்த ரூம்ல எங்க அப்பாதான இருந்தாவ? அந்த மிஷினாவது சொல்லுது. நான் ஞாயித்துக்கிழமை பூராம் அதத்தான் கேட்டேன். இடிச்சிட்டு இறங்கி நிப்பேன். சில நேரம் வரும், சில நேரம் வராது. வராட்டா இன்னொரு ஆளு."

வராவிட்டால் இன்னொரு ஆள். நான் காலையிலிருந்து செய்ததை, இதே சோபாவில், இதே பிள்ளை, ஒரு நாள் முழுக்கச் செய்திருக்கிறது. நான் நிறுத்துவதற்காக, அவள் கேட்பதற்காக. எந்த நீலச் சட்டையைக் கண்டு எனக்குக் கை வேர்த்ததோ அதே நீலச் சட்டையை அவள் எத்தனை முறை தேடிப் போனாளோ. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. ஹரிபாபு மேல் வந்தது, தொப்பிக்காரன் மேல் வந்தது, ஊரில் போட்டோவைத் திருப்பி வைத்தவள் மேல் வந்தது, எங்கள் எல்லாருடைய நல்ல மனசின் மேலும் வந்தது, கடைசியில் பேச்சாக வந்தபோது அவள் மேல்தான் விழுந்தது. "அதுக்காக? ஒங்கப்பா பேரைக் கேக்க ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் மேல வண்டிய ஏத்திக் கொல்லணுமாட்டீ? கொன்னாத்தான் பேரு வருமா?" "அப்போ நீங்க சொல்லுங்க" என்றாள். அழுகிறாள், ஆனால் கோபமாகத்தான் சொன்னாள். "கொல்லாமச் சொல்லுங்க. சொல்ல முடியுமா ஒங்களால?"

டிவியில் ருத்ரா தன்பாட்டுக்கு நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். நீலச் சட்டை மறைந்துவிட்டது. நான் குனிந்து கன்ட்ரோலரை எடுத்தேன். பதிவை அனுப்பட்டுமா என்று மிஷின் கேட்டது, ஹரிபாபுவுக்கு என்று அமுக்கினேன். வட்டம் சுற்றி, போய்விட்டது. போனில் அவள் மூச்சு கேட்டது. எத்தனையோ பேருக்கு அழுதிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன், தீக்குளித்திருக்கிறேன். இந்த ஆறெழுத்துப் பெயரைச் சாதாரணமாக, கறிகாய் விலை சொல்கிற மாதிரி, எந்த மைக்கும் இல்லாமல், அவன் போனபிறகு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தண்ணீர் குடித்தேன். "அனுப்பிட்டேன்" என்றேன். அவள் போனை வைக்கப்போகிற மாதிரி இருந்தது. "வைக்காதடீ. கேளு. ஒங்கப்பன் சேர்மத்துரை இருக்கானே" என்றேன், முதல் தடவை தடுக்கியது, மறுபடி சொன்னேன், "ஒங்கப்பன் சேர்மத்துரையை ஒரு நாளு தியேட்டர்லருந்து கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுனாவ, அது தெரியுமா ஒனக்கு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "அப்பாவையா? சும்மா சொல்லாதிய."

"நான் எதுக்குச் சும்மா சொல்லப் போறேன்? நான் கூட்டக்குரல் குடுத்த மொதப் படம். சந்தை தீப்பிடிக்கும், நான் 'தீ, தீ, ஓடுங்க'ன்னு கத்தணும், அம்புட்டுதான் எனக்கு. இவன் தெருவையே கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். என் சத்தம் வந்ததும் சீட்டு மேல ஏறி நின்னு, எங்கக்கா, எங்கக்கா கத்துதான்னு ஒரே கூப்பாடு. பின்னால இருந்தவன் என்னன்னு நினைப்பான்? படத்துலயும் தீங்குறாவ, இங்கயும் ஒருத்தன் அக்காங்குறான். தியேட்டர்லதான் தீன்னு நினைச்சு தரை டிக்கெட்டு பூராம் எந்திரிச்சு வாசலுக்கு ஓடிட்டான்."

அவள் சிரித்தாளா, தும்மினாளா, தெரியவில்லை. டிவியை அணைத்தேன். அரிசி தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

"பொறவு?" என்றாள்.